டோல்கீனின் எல்ஃப் மொழிகளில் மலைச் சொற்கள்

ஆங்கில எழுத்தாளரும் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) தாம் படைத்த க்வென்யா, சிந்தாரின் என்னும் இரு மொழிகளில் குன்று, மலை, முகடு, மேடு, சரிவு முதலியவற்றுக்காக ஆக்கிய சொற்களையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55), ‘தி சில்மரிலியன்’ (1977) ஆகிய நூல்களைப் படித்தவர்களுக்கு அமோன் ஹென், எரெட் லுயின், டோல் குல்டுர், காரத்ராஸ், எரெபோர் போன்ற பெயர்கள் பழக்கமானவை. அவையெல்லாம் இச்சொற்களால் ஆனவை.

புனைமொழியின் சொல்லுக்கு இரண்டு பிறப்புகள் இருக்கக்கூடும். கதைக்குள் அந்த மொழியைப் பேசும் மக்களிடையே அது எப்படித் தோன்றி எப்படித் திரிந்தது என்பது ஒன்று. ஆசிரியரின் மேசையில் எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்பது மற்றொன்று. பெரும்பாலான புனைமொழிகளுக்கு இரண்டாவது மட்டுமே உண்டு. சொல் இருக்கும், அதைப் பெற்ற தாய் இருக்காது. டோல்கீனோ தம் சொற்களுக்கு வேர் கண்டார். அந்த வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்களை வகுத்தார். இரு மொழிகளிலும் ஒலி எந்த விதிப்படி மாறும் என்று எழுதிவைத்தார். மலைச் சொற்களில் இந்த இரண்டு பிறப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. பெயர்கள் முதலில் வந்துவிட்டன. அவற்றின் வரலாற்றை அவர் பின்னாளில் பலமுறை மாற்றி எழுதினார். மாற்றியபோதும் பழைய பெயர்களை முடிந்தவரை கைவிடவில்லை.

பின்னணி

1911 கோடையில், ஆக்ஸ்ஃபோர்டில் சேர்வதற்கு முன், டோல்கீன் ஒரு குழுவினருடன் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் நடைப்பயணம் சென்றார். இன்டர்லாக்கன், லாட்டர்ப்ரூனன் பகுதிகளிலிருந்து ஸெர்மாட் பக்கம் வரை நீண்ட பயணம் அது. அவ்வழியில் கண்ட யுங்ஃப்ராவும் ஸில்பர்ஹார்னும் முதுமை வரை அவர் மனத்தில் நின்றன. மகன் மைக்கேலுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஸில்பர்ஹார்னே தம் கதையின் கெலெப்டில் சிகரம் என்று அவரே குறிப்பிட்டுள்ளார்.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரி நூலகத்தில் சி. என். இ. எலியட் எழுதிய ஃபின்னிய இலக்கண நூல் அவர் கையில் கிடைத்தது. க்வென்யாவின் ஒலியழகு பெரிதும் அங்கிருந்து வந்தது. சொற்களை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை: ஃபின்னிய மொழியில் மலைக்கு வுவொரி, குன்றுக்கு மாகி, க்வென்யாவின் மலைச் சொற்களில் இவற்றின் சாயலே இல்லை. சிந்தாரினுக்கு வேல்ஸ் மொழி முன்மாதிரி. சிறுவயதில் நிலக்கரி ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் ஊர்ப்பெயர்கள் அவரை ஈர்த்தன என்பது அவரே சொன்ன செய்தி.

1915-இல் ‘க்வென்யா சொற்கோவை’யைத் தொடங்கினார். 1916-இல் ஸோம் போர்முனைக்குச் சென்று, பதுங்குகுழிக் காய்ச்சலுடன் அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்து திரும்பினார். 1917-இல் இரண்டாவது மொழியான நோமிஷ் மொழிக்கு ஓர் அகராதி எழுதினார். போர் முடிந்தபின், 1919–20-இல், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அலுவலகத்தில் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு வேர் தேடும் பணி கிடைத்தது. பகலில் உண்மையான சொற்களின் பிறப்பை ஆராய்ந்தவர், தம் சொந்த மொழிகளுக்கும் அதே முறையைக் கையாண்டார். 1937–38 வாக்கில் அவர் எழுதிய வேர்ச்சொல் தொகுப்பு, ‘எட்டிமாலஜீஸ்’ என்ற பெயரில் அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீனால் 1987-இல் வெளியிடப்பட்டது. மலைச் சொற்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அத்தொகுப்பிலிருந்தே கிடைக்கிறது.

அமோன்

இத்தொகுதியில் மிகப் பழமையான சொற்களுள் ஒன்றும், மிகக் குறைவாக மாறியதும் அமோன். குன்று என்று பொருள். 1916–17-இல் எழுதிய ‘கொண்டோலினின் வீழ்ச்சி’ கதையிலேயே, மறைநகரமான கொண்டோலின் எழுந்த குன்றின் பெயர் அமோன் க்வாரெத். காவற்குன்று என்பது கருத்து. அன்று அந்த மொழி நோமிஷ். பின்னர் அது நோல்டோரின் ஆயிற்று. 1950-களின் தொடக்கத்தில் டோல்கீன் பெரிய முடிவொன்றை எடுத்தார்: கடல் கடந்து வந்த நோல்டோர் எல்ஃபுகளின் மொழியாக இருந்ததை, கடலைக் கடக்காமல் இக்கரையிலேயே தங்கிவிட்ட சாம்பல் எல்ஃபுகளின் மொழியாக மாற்றி, சிந்தாரின் என்று பெயரிட்டார். பேசும் மக்கள் மாறினர், அவர்கள் வாழ்ந்த நாடு மாறியது, மொழியின் பெயரும் மாறியது. அமோன் மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் அங்கேயே நின்றது.

அதன் வேர் ‘அம்’. மேல் நோக்கி என்று பொருள். வேரின் வழக்கமான நீட்சி ‘அம்பா’. க்வென்யா ‘ம்ப்’ என்ற மெய்ம்மயக்கத்தைக் காத்தது. ஆகவே அங்கே குன்று ‘அம்போ’. சிந்தாரினில் சொல்லின் நடுவே ‘ம்ப்’ ஒலி ‘ம்’ என்று கரைந்துவிடும், எனவே அமோன். ஒரே வேரிலிருந்து இரு மொழிகளும் இரு விதிகளால் பிரிந்து வந்த தோற்றம் இதனால் உண்டாகிறது.

அமோனின் பன்மை எமின். எமின் முயில், எமின் பெராய்ட் (கோபுரக் குன்றுகள்), எமின் ஆர்னென் ஆகியவற்றில் வருவது இதுவே. பழைய பன்மை ஈறு ‘ஈ’ முன்னிருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்துத் திரித்துவிட்டு, பிறகு தானே மறைந்துபோனது என்பது டோல்கீனின் விளக்கம். வேல்ஸ் மொழியில் ‘அஸ்குர்ன்’ என்ற எலும்பு ‘எஸ்கிர்ன்’ என்று பன்மையாவதும், ஆங்கிலத்தில் ஃபுட் என்பது ஃபீட் ஆவதும் இதே வகை மாற்றம். எமின் பெராய்ட் என்ற பெயரில் இம்மாற்றம் இருமுறை நிகழ்கிறது: அமோன் எமின் ஆனதைப் போல, கோபுரத்தைக் குறிக்கும் ‘பராட்’ பெராய்ட் ஆகிறது. கதையில் இந்த இலக்கணம் எங்கும் பாடமாக விளக்கப்படுவதில்லை. நிலப்படத்தைக் கூர்ந்து பார்க்கும் வாசகர் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளலாம். இந்த அமைதியான ஒழுங்கே அப்பெயர்களை நம்பவைக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

அமோனுக்குப் பின் வரும் சொல் பெரும்பாலும் அக்குன்றின் குணத்தைச் சொல்லும். அமோன் சூல் காற்றுக் குன்று. அமோன் டீன் மௌனக் குன்று. அமோன் ரூத் மொட்டைக் குன்று. அமோன் எரெப் தனிக் குன்று. அமோன் எதிர் ஒற்றர் குன்று. ஆண்டுயின் ஆற்றின் இருகரைகளில் எதிரெதிரே நிற்பவை அமோன் ஹென், அமோன் லா: முன்னது பார்வையின் குன்று, பின்னது கேள்வியின் குன்று. ‘லா’ என்பது ஒருவருடைய இரண்டு செவிகளையும் சேர்த்துச் சொல்லும் பழைய இருமை வடிவம். சிந்தாரினில் இருமை எண் வழக்கொழிந்து, இத்தகைய சில சொற்களில் மட்டும் தங்கியிருக்கிறது.

அமோன் சிறு குன்றுக்கு மட்டும் உரியது என்று கருதினால் இரண்டு பெயர்கள் இடிக்கும். உலகிலேயே உயர்ந்த மலையான டனிக்வெடிலைச் சிந்தாரின் பேசியவர்கள் அமோன் உயிலோஸ் என்றனர். மோர்டோரின் தீமலைக்கு அமோன் அமார்த் என்றொரு பெயர் உண்டு. அளவை விட, சுற்றிலும் தாழ்ந்த நிலத்திலிருந்து ஒன்று தனியே மேலெழும் தோற்றத்தையே இச்சொல் குறித்தது என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. மேல்நோக்கு என்ற வேர்ப்பொருளும் அதற்கு இசைகிறது.

ஒரோட்

மலை என்பதற்குரிய பொதுச்சொல் சிந்தாரினில் ஒரோட், பன்மை எரெட். க்வென்யாவில் ஒரோன். எழுதல், உயர்தல் என்ற பொருளுள்ள ‘ஒரோ’, ‘ரோ’ வேர்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இக்குடும்பத்தில்தான் க்வென்யாவின் ரோமென் (கிழக்கு), அனாரோரே (சூரிய உதயம்) முதலியன வருகின்றன. ஞாயிறு எழுவதும் மலை எழுவதும் ஒரே வினை. சிந்தாரினில் கிழக்குக்கு ‘அம்ரூன்’ என்றும் ஒரு சொல் உண்டு. குன்றின் வேரான ‘அம்’, மலையின் வேரான ‘ரோ’ இரண்டும் அதற்குள் கைகோத்து நிற்கின்றன. இத்தொகுதியில் எனக்கு மிக அழகாகத் தோன்றும் சொல் இது.

எரெட் லுயின் நீல மலைகள்; எரெட் மித்ரின் சாம்பல் மலைகள்; எரெட் லிதுயி நீற்று மலைகள். ஒரோட்ருயின் செந்தழல் மலை. தங்கொரோட்ரிம் என்ற பெயரில் கொடுமையைச் சுட்டும் ‘தங்’, மலையைச் சுட்டும் ‘ஒரோட்’, கூட்டத்தைச் சுட்டும் ‘ரிம்’ ஆகிய மூன்றும் அடுக்கப்பட்டுள்ளன. எரெபோர் என்பதில் தனிமையைச் சொல்லும் ‘எரெப்’ முன்னே நிற்க, மலை ‘ஓர்’ என்று சுருங்கிப் பின்னே ஒட்டியிருக்கிறது. 1937-இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலில் அது வெறும் தனிமலை. எல்ஃப் பெயர் பிறகுதான் வந்தது.

கிரேக்க மொழியில் மலைக்கு ‘ஓரோஸ்’ என்று பெயர். எழுதலைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேருடன் அதனை இணைக்கும் மொழியியலாளர்கள் உண்டு. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கிரேக்கம், லத்தீன் பாடங்களைப் படித்து, 1913-இல் ஆங்கிலத்துக்கு மாறியவர். ஓரோஸ் அவர் காதில் இருந்திருக்காது என்று சொல்வது கடினம். ஆனால் இவ்வகை ஒலி ஒப்புமைகளைப் பிடித்துக்கொண்டு தம் பெயர்களுக்கு வெளியே பொருள் தேடுவதை அவர் ஏற்கவில்லை. 1967-இல் எழுதிய நீண்ட கடித வரைவு ஒன்றில், எஅரெண்டில் என்ற பெயர் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்ததை ஒப்புக்கொண்டு, மற்றப் பெயர்களின் பொருளை அவற்றின் மொழிக்குள்ளேயே காண வேண்டும் என்று வாதிட்டார். வாதம் நியாயமானதே. ஒலி எங்கிருந்து வந்தாலும், ரோமெனோடும் அம்ரூனோடும் ஒரோட்டைச் சேர்த்துக் கட்டியது அவருடைய வேலை.

தலையும் கொம்பும்

மலையை உடலுறுப்பால் அழைக்கும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. வேல்ஸ் மொழியின் ‘பென்’ தலையையும் குறிக்கும், மலையுச்சியையும் குறிக்கும். சிந்தாரினில் அந்த இடத்தை ‘டோல்’ பெற்றது: தலை என்பது முதற்பொருள், உருண்ட உச்சியுள்ள குன்று அதன் விரிவு. டோல் குல்டுர், டோல் பரான், தீபக் குன்றுகளில் ஒன்றான நார்டோல் ஆகியவை எடுத்துக்காட்டு. மினாஸ் டிரித் நகருக்குப் பின்னே நிற்கும் மிண்டொல்லுயின், ஓங்கிய நீலத்தலை. ‘பென்’ என்ற ஒலி சிந்தாரினிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அது சரிவு. மேட்டுக்கு ஏறும் வழி ‘அம்பென்’.

தலைக்கு அடுத்தது கொம்பு. க்வென்யாவில் ‘ராஸ்ஸே’, சிந்தாரினில் ‘ராஸ்’. விலங்கின் கொம்பே முதன்மைப் பொருள் என்றும் மலைகளுக்கும் அது வழங்கும் என்றும் வேர்ச்சொல் தொகுப்பு கூறுகிறது. கான்டோருக்கு வடக்கே நீளும் வெண்மலைத் தொடரான எரெட் நிம்ராயிஸ் பெயரில் ஒரோட், ராஸ் இரண்டுமே பன்மையில் உள்ளன: வெண்கொம்பு மலைகள். மெத்தெட்ராஸ் மூடுபனி மலைத்தொடரின் கடைசிக் கொம்பு. கூர்முனை என்ற பொருளுள்ள ‘டில்’ மற்றொரு சொல். டனிக்வெடில் என்ற பெயரை டோல்கீன் 1915 முதலே பயன்படுத்தினார். உயர்ந்த வெண்முகடு என்ற பொருள் பின்னாளில் நிலைபெற்றது. 1928-இல் அம்மலையை அவர் வண்ணச் சித்திரமாகவும் தீட்டினார்.

மோரியாவின் மேலே நிற்கும் மூன்று சிகரங்களில் இம்மூன்று சொற்களும் ஒருங்கே வருகின்றன: காரத்ராஸ், கெலெப்டில், ஃபனுயிதோல். செங்கொம்பு, வெள்ளிமுனை, முகில்தலை. ‘காரன்’ (சிவப்பு) ராஸுடன் சேரும்போது ‘ன்ர்’ என்ற மயக்கம் ‘த்ர்’ ஆகிறது. ‘டோல்’ உயிரெழுத்தின் பின் வரும்போது மென்மையடைந்து ‘தோல்’ ஆகிறது. வேல்ஸ் மொழியின் மெலிவிதி இதற்கு முன்மாதிரி. இதே சிகரங்களுக்குக் குள்ளர்களின் மொழியான குஸ்தூலில் பராஸின்பர், ஸிராக்ஸிகில், புண்டுஷதூர் என்ற பெயர்களும் உண்டு. கருத்து ஒன்றே, உடைதான் வேறு. ஓர் இடத்தை வெவ்வேறு இனத்தார் தத்தம் மொழியில் பெயர்த்துக்கொண்ட தோற்றத்தை இவ்வளவு சிக்கனமாகக் கொண்டுவந்த பக்கங்கள் அந்நூலில் அதிகம் இல்லை.

கோர், டூனா

கடலுக்கு அப்பாலுள்ள வாலினோர் நாட்டில் எல்ஃபுகளின் நகரம் எழுந்த குன்றின் பெயர் இத்தொகுதியிலேயே அதிகம் அலைந்த பெயர். 1915-இல் எழுதிய கவிதையிலும் அடுத்துவந்த ‘தொலைந்த கதைகள்’ நூலிலும் அது கோர். குன்றுக்கும் நகருக்கும் ஒரே பெயர். ரைடர் ஹாக்கர்டின் ‘ஷீ’ நாவலிலும் பாழடைந்த நகரம் ஒன்று கோர் என்று அழைக்கப்படுவதை ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். 1926-இல் எழுதிய சுருக்கத்தில் கோர் குன்றாக நிற்க, நகரம் டூன் ஆயிற்று. 1930-களில் நகரம் டூனா. பின்னர் நகரத்துக்கு டிரியோன் என்ற பெயர் உறுதியானபோது, டூனா கீழே இறங்கிக் குன்றின் பெயராயிற்று, கோர் விலகிக்கொண்டது.

வேர்ச்சொல் தொகுப்பில் ‘டுன்’ என்ற வேரின் கீழ் டூனா நகரத்தின் பெயராகவே உள்ளது. ஆனால் அதே பதிவில் குன்று, மேடு என்ற பொருளுடன் க்வென்யா ‘டுண்டோ’, நோல்டோரின் ‘டுன்’ ஆகியவையும் இடம்பெறுகின்றன. பெயர் குன்றுக்கு நகர்வதற்கு வழி அங்கேயே திறந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்பது வேலியிட்ட குடியிருப்பு. இன்றைய டவுன் அதன் வழிவந்தது. குன்றைக் குறித்த மற்றொரு சொல் அதிலிருந்து முதல் ஒலியில் மட்டுமே வேறுபட்டது. நகருக்கும் குன்றுக்கும் இடையே டூனா ஊசலாடியதைப் பார்க்கும்போது, பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியரின் நினைவில் அந்த இணை இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

‘கோர்’ ஒலி முற்றிலும் அழியவில்லை. வட்டம் என்ற பொருளுள்ள வேராக அது தங்கி, ‘கொரோன்’ என்ற மேட்டுச்சொல்லைத் தந்தது. வாலினோரின் இரு ஒளிமரங்கள் நின்ற பச்சை மேடு கொரொல்லைரே, என்றும் கோடையாக இருக்கும் மேடு. லோத்லோரியனில் உள்ள கெரின் அம்ரோத் அதன் உறவு.

புதைமேட்டுக்கு ‘ஹௌத்’, ஹௌத்-என்-நிர்னைத் கண்ணீரின் மேடு. குவித்தல் என்ற வேரிலிருந்து அதை டோல்கீன் வருவித்தார். பழைய நோர்ஸ் மொழியில் ஈமமேட்டைக் குறிக்கும் ‘ஹௌக்ர்’ இதற்கு ஒலியில் மிக அருகில் நிற்கிறது. மலைவரிக்கு ‘பின்னத்’ (பின்னத் கெலின், பச்சை மலைவரிகள்), சிகரங்களின் நிரைக்கு ‘ஐக்லிர்’ (ஹித்தைக்லிர், மூடுபனிச் சிகரவரிசை) என்ற சொற்களும் உண்டு.

பிற மக்களின் மலைகள்

ரோஹன் நாட்டவரின் மொழியை டோல்கீன் பழைய ஆங்கிலத்தால் ‘மொழிபெயர்த்து’க் காட்டினார். எனவே அவர்களின் மலைகள் ட்விமோர்பெர்க், ஸ்டார்க்ஹார்ன், ஹாலிஃபிரியன். மலையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்களான பெயோர்க், ஃபிர்கென் இவற்றில் உள்ளன. ஹாலிஃபிரியன் புனித மலை. சிந்தாரினில் அதற்குப் பெயர் அமோன் அன்வார், பேரச்சக் குன்று.

ப்ரீ என்ற ஊர்ப்பெயர் வேறு கதை. அங்கே முன்பு வழங்கிய பழைய மொழி ஊர்ப்பெயர்களில் எஞ்சியது என்று காட்ட, டோல்கீன் கெல்டிய மொழிச் சொற்களைக் கையாண்டார். ‘ப்ரீ’ என்றாலே குன்று. பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பிரில் என்ற சிற்றூர் இதற்கு முன்மாதிரி: பழைய பிரித்தானியர் குன்று என்று சொன்னதைப் பொருள் தெரியாத ஆங்கிலேயர் பெயராகக் கொண்டு, தங்கள் மொழியிலும் குன்று என்பதைச் சேர்க்க, இரண்டும் சுருங்கிப் பிரில் ஆனது. லங்காஷயரின் பெண்டில் ஹில் பெயரில் இக்கூட்டல் இருமுறை நிகழ்ந்து, குன்று மும்முறை வருகிறது.

பதிப்புகளும் பெயர் வாழ்வும்

‘எரெட்’ என்ற பன்மையை டோல்கீன் பிற்காலத்தில் பல கையெழுத்துப்படிகளில் ‘எரிட்’ என்று திருத்தினார். அவர் வகுத்த உயிர்மாற்ற விதிக்கு அதுவே நெருக்கமானது. ஆனால் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஏற்கெனவே எரெட் என்று அச்சாகியிருந்ததால், ‘தி சில்மரிலியன்’ நூலைப் பதிப்பித்த கிறிஸ்டோபர் பழைய வடிவையே வைத்துக்கொண்டார். முதல் நிலப்படத்தில் ஹித்தைக்லிர் என்பது ‘ஹித்தைக்லின்’ என்று தவறாக வந்ததையும் அவரே சொல்லடைவில் குறித்தார். தொடக்ககால நோமிஷ், க்வென்யா அகராதிகள் 1995-இலும் 1998-இலும் ‘பார்மா எல்டலாம்பெரோன்’ இதழில் முழுமையாக வெளிவந்த பிறகே, அமோன் எவ்வளவு பழைய சொல் என்பதை அகராதிப் பதிவுகளைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது.

இப்பெயர்கள் நூலுக்கு வெளியேயும் வாழ்கின்றன. பிரிட்டனின் டோல்கீன் சங்கம் தன் செய்தியிதழுக்கு அமோன் ஹென் என்று பெயரிட்டது. 1992-இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு மெட்டல் இசைக்குழு ஒன்று அமோன் அமார்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் கஸ்ஸினி விண்கலத்தின் ரேடார் கண்ட மலைகளுக்கு, பன்னாட்டு வானியல் ஒன்றியம் டோல்கீனின் மலைப்பெயர்களையே சூட்டி வருகிறது: எரெபோர் மோன்ஸ், டனிக்வெடில் மான்டெஸ், மிண்டொல்லுயின் மான்டெஸ். மலையைக் குறிக்கும் லத்தீன் சொல் பின்னே சேர்வதால், எரெபோர் மோன்ஸில் மலை இருமுறை வருகிறது. டைட்டனில் இதுவரை அளக்கப்பட்ட மிக உயர்ந்த சிகரம், 3,337 மீட்டர், மித்ரிம் மான்டெஸ் தொடரில் உள்ளது. அங்குள்ள சிறு குன்றுகளுக்கு மட்டும் விதி வேறு. அவற்றுக்குக் கதைமாந்தரின் பெயர்களே வழங்கப்படுகின்றன.